டிபக்கர் என்ன பாவம் செய்தது?

"டிபக்கருக்குள்ளிருந்து ஷெல்லைத் திறப்பது ஹேக்கிங்." கல்லூரி லேப்களில் இப்படி ஒரு சட்டம், எங்கும் எழுதப்படாமலேயே அமலில் இருக்கிறது. திறந்தவன் திருடன். திறக்க விட்ட டிபக்கர் திருட்டுச் சாவி. ரெண்டையும் வெளியே தள்ளிவிட்டால் லேப் சுத்தமாகிவிடும். இதுதான் தீர்ப்பு. இந்தத் தீர்ப்பு தப்பு என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவன் இல்லை. பி.காம். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். "டெபிட், கிரெடிட் பார்க்கிறவனுக்கு இந்த வேலை எதுக்குடே?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. யாருக்கு எவ்வளவு அதிகாரம் கொடுக்கலாம், கொடுத்த அதிகாரத்துக்கு எப்படிக் கணக்கு வைக்கலாம் என்பதுதான் எங்கள் பாடத்தில் பாதி. டிபக்கர் சண்டையும் கடைசியில் அதே கேள்விதான். அதனால் தைரியமாகவே பேசுகிறேன்.

முதலில், இது என்ன சமாச்சாரம்?

டிபக்கர் என்பது ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நடுவழியில் நிறுத்தி, அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிற கருவி. தமிழில் வழுநீக்கி என்கிறார்கள். பெயர் கொஞ்சம் பொய். அது வழுவைக் காட்டும், அவ்வளவுதான். நீக்குவது நம் தலையெழுத்து :-) ஷெல் என்பது நாம் தட்டுகிற கட்டளையை வாங்கி, இயங்குதளத்திடம் வேலையை முடித்துக் கொடுக்கும் நிரல். கோப்புகளைப் பட்டியல் போடு, இதைக் காட்டு, அதை அழி என்பதெல்லாம் ஷெல்லிடம் சொல்வதுதான்.

இந்த ரெண்டும் ஏன் ஒன்றாகச் சேர வேண்டும்? ஒரு உதாரணம். வட்டி கணக்கிடும் ஒரு சி நிரல். லெட்ஜர் கோப்பிலிருந்து வரி வரியாகப் படிக்கிறது. நாற்பதாவது வரியில் வட்டி மைனஸில் வருகிறது. ஜிடிபி என்கிற டிபக்கரில் பிரேக்பாயின்ட் போட்டு, சரியாக அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். மாறிகளின் மதிப்பெல்லாம் கண்முன்னே. இப்போது கோப்பின் நாற்பதாவது வரியில் உண்மையிலேயே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். டிபக்கரை மூடினால், அது ஓட்டிக்கொண்டிருந்த நிரலும் கூடவே செத்துவிடும். மறுபடி ஒன்றாவது வரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மூடத் தேவையில்லை. அங்கேயே 'ஷெல்' என்று தட்டி, ஒரு இடம் விட்டு, கோப்பைக் காட்டும் கட்டளையைக் கொடுத்தால் போதும். பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 'ஷெல்' என்று முழுதாகத் தட்டச் சோம்பலாக இருந்தால் ஒரு ஆச்சரியக்குறி போட்டாலும் அதே வேலை நடக்கும். திருத்திய நிரலை மறுபடி கம்பைல் செய்யும் 'மேக்' கட்டளைக்கு அந்த ஆச்சரியக்குறிகூட வேண்டாம்.

இது யாரோ நேற்று கண்டுபிடித்த குறுக்குவழியும் இல்லை. யூனிக்ஸின் ஆதிகால எடிட்டரான 'எட்'டிலேயே ஆச்சரியக்குறி போட்டு ஷெல்லைக் கூப்பிடலாம். 1979-இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் இருந்த 'ஏடிபி' என்ற டிபக்கரிலும் அதே ஆச்சரியக்குறிதான். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-இல் க்னூ திட்டத்துக்காக ஜிடிபியை எழுதினார். அதுவும் இந்த வழக்கத்தை ஏற்றுக்கொண்டது. 2020-இல் வெளிவந்த பதிப்பிலிருந்து, டிபக்கர் காட்டும் பதிலையே நேராக ஒரு ஷெல் கட்டளைக்குள் பாய்ச்சும் 'பைப்' வசதியும் சேர்ந்தது. மைக்ரோசாஃப்டின் விண்டிபக்கில் 'ஷெல்' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு புள்ளி. எல்எல்டிபியில் 'பிளாட்ஃபார்ம் ஷெல்'. பெயர்தான் வேறு, சரக்கு ஒன்றே.

அவ்வளவு தூரம் போவானேன்? நம்மூர்க் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாக சி படித்தது டர்போ சியின் நீலத்திரையில். எஃப்7-ஐ அழுத்தி வரி வரியாக நகர்ந்த அந்தத் திரையும் ஒரு டிபக்கர்தான். அதில் ஃபைல் மெனுவைத் திறந்தால் 'டாஸ் ஷெல்' என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி இருக்கும். அழுத்தினால் கறுப்புத் திரை வரும். டைரக்டரி பார்ப்போம், கோப்பை காப்பி எடுப்போம். 'எக்ஸிட்' என்று தட்டினால் மறுபடி நீலம். இதைச் செய்ததற்காக எந்த மாணவனும் மன்னிப்புக் கடிதம் எழுதியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அன்றைக்கு மெனுவில் இருந்த சாதாரண வசதி இன்றைக்குக் குற்றமானது எப்படி?

அபாயம் எங்கே இருக்கிறது?

அபாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கிறது. ஆனால் எல்லோரும் கைகாட்டுகிற இடத்தில் இல்லை.

டாஸில் பயனர், நிர்வாகி என்ற பிரிவே கிடையாது. கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்தவனே ராஜா. அதனால் டாஸ் ஷெல் யாருக்கும் புதிதாக எந்த அதிகாரத்தையும் கொடுக்கவில்லை. லினக்ஸ் அப்படியில்லை. அங்கே ஒவ்வொரு நிரலும் யாரோ ஒருவர் பெயரில் ஓடுகிறது. ஒரு நிரல் இன்னொன்றைப் பெற்றெடுத்தால், பெற்றவருக்கு இருக்கிற அதிகாரம் பிள்ளைக்கும் அப்படியே வரும்.

இதிலிருந்து ஒரு எளிய கணக்கு. நான் சாதாரணப் பயனராக டிபக்கரைத் திறந்தால், அதிலிருந்து பிறக்கும் ஷெல்லும் சாதாரணப் பயனர்தான். டெர்மினலில் உட்கார்ந்து என்ன செய்ய முடியுமோ அதுதான் இங்கேயும். ஒரு துளி கூடுதல் கிடையாது. டிபக்கரையே நிர்வாகியின் பெயரில், அதாவது 'சுடோ' போட்டு ரூட் ஆகத் திறந்து கையில் கொடுத்தால்? அதிலிருந்து பிறக்கும் ஷெல்லும் ரூட். முழு இயந்திரமும் கையில். 'டிபக்கரை மட்டும்தானே கொடுத்தேன்' என்று நிர்வாகி நினைத்துக்கொண்டிருப்பார். கொடுத்தது வீட்டுப் பத்திரத்தை. இப்படி, சுடோவோடு கொடுத்தால் முழு அதிகாரத்தையும் தூக்கிக் கொடுத்துவிடும் நிரல்களைத் தொகுக்கும் 'ஜிடிஎஃப்ஓபின்ஸ்' என்ற பட்டியல் 2018 முதல் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. ஜிடிபி அதில் உண்டு. வி எடிட்டர் உண்டு. கோப்பைப் பக்கம் பக்கமாகக் காட்டும் 'லெஸ்' உண்டு. எல்லாவற்றிலும் அதே ஆச்சரியக்குறி.

இங்கேதான் காமர்ஸ்காரன் மூக்கை நுழைக்கிறான். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. பிரிவு 190. தானே நேரில் செய்வதாக ஏற்றுக்கொண்ட வேலையை ஒரு முகவர் இன்னொருவரிடம் தள்ளிவிட முடியாது. அந்தத் தொழிலின் வழக்கமோ வேலையின் தன்மையோ துணை முகவரை அனுமதித்தால் மட்டுமே முடியும். அனுமதியில்லாமல் ஆள் வைத்தால், அந்த ஆள் செய்ததற்கு முகவர்தான் பொறுப்பு என்கிறது பிரிவு 193. முதலாளி தப்பித்துக்கொள்வார். செமஸ்டருக்குப் பத்து மார்க் கேள்வி இது.

கம்ப்யூட்டருக்குள் பிரிவு 190 கிடையாது. நீங்கள் டிபக்கருக்கு முகவர் பதவி கொடுத்த நொடியே, அது எத்தனை துணை முகவர்களை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளும். அத்தனை பேருக்கும் உங்கள் கையெழுத்தின் முழு பலம் இருக்கும். ஸ்பெஷல் பவர் எழுதிக் கொடுத்ததாக நினைத்து ஜெனரல் பவர் எழுதிக் கொடுத்தவரின் கதைதான். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் இருக்கிற எந்தப் பத்திர எழுத்தரைக் கேட்டாலும் இப்படிச் செய்யாதே என்பார்.

கொடுத்த அதிகாரம் கொடுத்தவரைத் தாண்டியும் வாழும் என்பது மாஞ்சோலைக்காரர்களுக்குப் புதுசு இல்லை. எங்கள் மலையை சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் தேயிலை நிறுவனத்துக்கு 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தது. பிறகு ஜமீன்களே ஒழிந்தன. குத்தகை ஒழியவில்லை. அதன் காலம் முடிவது 2028-இல். டிபக்கர் ஷெல்லில் பின்னணியில் ஓடவிட்ட கட்டளையும் அப்படித்தான். டிபக்கரை மூடிவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போனாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். ரூட் ஆக ஓடினால், ரூட் ஆகவே.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது, தணிக்கை ஓட்டை. சுடோ ஒரு பதிவேடு வைத்திருக்கும். யார், எப்போது, எந்தக் கட்டளையை ரூட் ஆக ஓட்டினார் என்று அதில் ஒரு வரி எழுதும். டிபக்கரை சுடோவோடு திறந்தால் பதிவேட்டில் விழுவது 'ஜிடிபி' என்ற ஒரே சொல். உள்ளே போய் ஷெல்லில் நூறு கட்டளை தட்டினாலும், சாதாரண அமைப்பில் அதில் ஒன்றுகூடப் பதிவாகாது. பெட்டி கேஷ் வவுச்சரில் 'சில்லறைச் செலவு' என்று மட்டும் எழுதி மொத்தப் பணத்தையும் எடுத்துக்கொண்ட மாதிரி. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் சுவடு இருக்க வேண்டும், அந்தப் பதிவை அணைக்கவும் முடியக் கூடாது என்று விதியே வந்துவிட்டது. சுடோவிலும் 2021-இல் வந்த 1.9.8 பதிப்பிலிருந்து, உள்ளிருந்து பிறக்கும் துணைக் கட்டளைகளைப் பதிவு செய்ய வழி செய்திருக்கிறார்கள். ஆனால் அதை யாராவது இயக்கி வைக்க வேண்டுமே!

ஆக, ஷெல் கட்டளையில் குற்றம் இல்லை. அதைத் தட்டியவனிடமும் இல்லை. டிபக்கரை ரூட் ஆகத் திறந்து கொடுத்த அந்த ஒரு வரியில்தான் குற்றம் இருக்கிறது. அந்த வரியை மாணவன் எழுதவில்லை.

நடந்தது என்ன?

ஒரு கல்லூரி லேப். பெயர் வேண்டாம். எல்லா மெஷினிலும் உபுண்டு. நாற்பது பேருக்கும் ஒரே பொதுக் கணக்கு, ஒரே கடவுச்சொல். டெர்மினலை மாணவர்கள் திறக்கக் கூடாது என்று ஐகானை எடுத்துவிட்டார்கள். ஆனால் டெஸ்க்டாப்பில் 'டிபக்கர்' என்று ஒரு ஐகான் இருக்கும். அதை அழுத்தினால் ஜிடிபி சுடோவோடு, கடவுச்சொல் கேட்காமலே திறக்கும்.

சுடோ எதற்கு? ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் போய் டிபக்கரை ஒட்டவைக்கும் பயிற்சி ஒன்று இருந்தது. உபுண்டு 10.10-இலிருந்து, அதாவது 2010-இலிருந்து, 'யாமா' என்ற பாதுகாப்பு ஏற்பாடு அதைத் தடுக்கிறது. ஒரே பயனரின் நிரலாக இருந்தாலும், தான் பெற்ற பிள்ளையைத் தவிர வேறு நிரலுக்குள் டிபக்கர் எட்டிப்பார்க்க முடியாது. 'அனுமதி இல்லை' என்று செய்தி வந்திருக்கிறது. உடனே சுடோ போட்டாயிற்று, வேலையும் முடிந்தது. டிபக்கருக்குள்ளிருந்தே நிரலை ஆரம்பித்தால் எந்த அனுமதியும் தேவையில்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை.

என் ஜூனியர் தம்பி ஒருவன் ஒருநாள் ஆச்சரியக்குறி போட்டு, 'நான் யார்' என்று கேட்கும் கட்டளையைத் தட்டியிருக்கிறான். 'ரூட்' என்று பதில் வந்தது. வேறொருவனாக இருந்தால் அதோடு என்னென்னவோ செய்திருப்பான். இவன் நேராக லேப் அசிஸ்டென்டிடம் போனான். "அண்ணாச்சி, டிபக்கருக்குள்ள ரூட்டுன்னு காட்டுது. இத அடைச்சிருங்க" என்றான். கிடைத்த பதில்: "ஏலே, ஒன்ன யாருலே அதையெல்லாம் நோண்டச் சொன்னா?"

மறுநாள் மன்னிப்புக் கடிதம். அதற்கு அடுத்த வாரம் எல்லா மெஷினிலிருந்தும் ஜிடிபி நீக்கம். பொதுக் கணக்கு அப்படியே. பொதுக் கடவுச்சொல்லும் அப்படியே.

பூட்டு இல்லாததை வந்து சொன்னவனுக்குத் தண்டனை. இனிமேல் அந்த லேப்பில் எவனாவது ஒரு ஓட்டையைப் பார்த்தால் வந்து சொல்வானா? வாயை மூடிக்கொள்வான், இல்லையென்றால் பயன்படுத்திக்கொள்வான். இதுதான் அந்தத் தண்டனை நடத்திய பாடம்.

எடுத்ததால் எதுவும் அடைபட்டதா?

இல்லை. லேப்பில் சி சொல்லிக் கொடுக்கிறார்கள். மாணவன் நிரல் எழுதுகிறான், கம்பைல் செய்கிறான், ஓட்டுகிறான். சி மொழியின் நிலையான நூலகத்திலேயே 'சிஸ்டம்' என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. அதற்குள் எந்தக் கட்டளையை எழுதினாலும் அது ஷெல்லுக்குப் போய் ஓடும். மூன்று வரி நிரல் போதும். சி நிரல் எழுத விடுகிற எவரும் ஷெல்லையும் சேர்த்தே கொடுத்திருக்கிறார். டெர்மினல் ஐகானை எடுத்தது ஷெல்லைப் பூட்டியது ஆகாது. கதவுக்கு முன்னால் திரைச்சீலை கட்டியது.

"சரி, ஷெல் கட்டளை மட்டும் இல்லாத ஒரு ஜிடிபியைப் போடலாமே?" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. பதில்: வேலைக்காகாது. லினக்ஸில் ஜிடிபி ஒரு நிரலை ஆரம்பிப்பதே வழக்கமாக ஒரு ஷெல் வழியாகத்தான். அப்போதுதான் உள்ளீட்டுக் கோப்பைத் திருப்பிவிடுவது போன்ற வசதிகள் வேலை செய்யும். அதோடு, நிறுத்தி வைத்திருக்கும் நிரலுக்குள் இருக்கிற எந்த ஃபங்ஷனையும் டிபக்கரிலிருந்து கூப்பிடலாம், அந்த 'சிஸ்டம்' உட்பட. 2009-இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து பைத்தானும் உள்ளேயே வருகிறது. இன்னொரு நிரலின் நினைவகத்தில் கைவைத்து அதைத் தன் இஷ்டத்துக்கு ஓட்டுவதுதான் டிபக்கரின் பிழைப்பே. அதிலிருந்து அதிகாரத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது டிபக்கர் இல்லை.

"இன்னொரு ஜன்னலில் டெர்மினலைத் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே, டிபக்கருக்குள் ஷெல் எதற்கு?" என்பது இன்னொரு வாதம். திறக்க விட்டால் பார்த்துக்கொள்வோம், ஐயா. ஐகானை எடுத்துவிட்டு ஜன்னலைத் திற என்றால்? தொலைவிலுள்ள மெஷினில் ஒரே இணைப்பில் வேலை செய்பவர்களுக்கும் அந்த இன்னொரு ஜன்னல் எப்போதும் கிடைப்பதில்லை.

எதிர்த்தரப்பில் நியாயம் உள்ள இடங்கள்

ரெண்டு இடத்தில் பயப்படுகிறவர்கள் பக்கம்தான் நானும் நிற்கிறேன்.

ஒன்று, தொலைவிலிருந்து நடக்கும் டிபக்கிங். என் மெஷினில் ஓடும் டிபக்கரை வெளியூரிலிருந்து ஒருவர் இயக்குகிறார் என்றால், அவர் தட்டும் ஷெல் கட்டளை என் மெஷினில்தான் ஓடும். விண்டிபக்கில் இதற்காகவே 'நோஷெல்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஒருமுறை கொடுத்துவிட்டால், அந்த டிபக்கர் ஓடி முடியும்வரை ஷெல் மூடியே இருக்கும். நல்ல ஏற்பாடு. 'லெஸ்' நிரலுக்கும் இப்படிப் பாதுகாப்பாக ஓடும் நிலை ஒன்று உண்டு.

ரெண்டு, நாம் தட்டாத கட்டளை. ஜிடிபி ஆரம்பிக்கும்போது, இருக்கிற டைரக்டரியில் 'ஜிடிபிஇனிட்' என்ற கோப்பு இருந்தால் அதிலுள்ள கட்டளைகளைத் தானாகவே ஓட்டும் வழக்கம் இருந்தது. எவனோ ஒருவன் அந்தக் கோப்பில் ஒரு ஷெல் கட்டளையை எழுதி ஒரு டைரக்டரியில் போட்டுவிட்டுப் போனால், அங்கே வந்து டிபக்கரைத் திறக்கும் அப்பாவியின் பெயரில் அது ஓடும். 2005-இல் இது பாதுகாப்புக் குறையாகவே அறிவிக்கப்பட்டது. 2012-இல் வந்த 7.5 பதிப்பில், நம்பகமான இடங்கள் என்று நாம் குறித்துக் கொடுத்த பாதைகளிலிருந்து மட்டும் தானாக ஏற்றும் ஏற்பாடு வந்தது.

கவனித்தீர்களா? ரெண்டு இடத்திலும் ஷெல் கட்டளையை யாரும் ஒழிக்கவில்லை. யார் சொன்னால் ஓட வேண்டும், எங்கிருந்து வந்தால் ஓட வேண்டும் என்று எல்லை போட்டார்கள். கருவியை எழுதியவர்களுக்கே அந்த நிதானம் இருக்கிறது. நமக்குத்தான் எடுத்த எடுப்பில் மொட்டை.

என்ன செய்யலாம்?

குறை மட்டும் சொல்லிவிட்டு ஓடிவிட்டான் என்ற பெயர் வேண்டாம். காசு செலவில்லாமல் செய்யக்கூடியவை இவை:

1. மாணவருக்கு ஒரு கணக்கு. பொதுக் கணக்கை ஒழியுங்கள். நாற்பது பேர் ஒரே பெயரில் உள்ளே போனால் பதிவேட்டில் இருப்பது பெயரே இல்லை. எல்லாக் கஸ்டமரையும் ஒரே லெட்ஜர் கணக்கில் எழுதும் கடையை எந்த ஆடிட்டராவது ஒப்புக்கொள்வாரா?

2. டிபக்கருக்குச் சுடோ வேண்டாம். சொந்த நிரலை டிபக்கருக்குள்ளிருந்தே ஆரம்பித்து ஆராய எந்தக் கூடுதல் அதிகாரமும் தேவையில்லை.

3. ஓடும் நிரலில் ஒட்டவைக்கும் பயிற்சி அவசியம் என்றால், அந்த ஒரு வகுப்புக்கு மட்டும் யாமாவின் கட்டுப்பாட்டை நிர்வாகி தளர்த்தட்டும். பூஜ்யம் என்று ஒரு எண்ணை எழுத வேண்டும், அவ்வளவுதான். வகுப்பு முடிந்ததும் பழைய எண். அப்போதும் மாணவரால் தன் பெயரில் ஓடும் நிரலைத்தான் தொட முடியும்.

4. ரூட் இல்லாமல் நடக்கவே நடக்காத பாடம் என்றால் விர்ச்சுவல் மெஷின் கொடுங்கள். உடைத்தால் உடையட்டும், அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டுக்கொள்ளலாம்.

5. ஓட்டையைக் கண்டு சொல்கிறவனுக்கு நன்றி சொல்லுங்கள். பரிசெல்லாம் வேண்டாம், மன்னிப்புக் கடிதம் கேட்காமல் இருந்தாலே போதும்.

இந்த ஐந்தையும் செய்துவிட்டு டிபக்கரை முழுசாக, ஷெல் கட்டளையோடு திருப்பிக் கொடுங்கள். அவன் என்ன தட்டினாலும் அவன் வீட்டுக் குப்பையைத்தான் அவன் கிளற முடியும்.

இதனால் யாருக்கு நஷ்டம்?

"ஒரு டிபக்கர் போனால் என்ன, குடியா முழுகிவிடும்?" என்று கேட்கலாம். வீட்டில் லேப்டாப் இருப்பவனுக்கு ஒன்றும் முழுகாது. ஜிடிபி கட்டற்ற மென்பொருள். வீட்டுக்குப் போய் ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்வான். 2011-இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில், விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. அது கையில் கிடைத்த அண்ணன், அக்காக்கள் அதிலேயே எல்லாம் பழகியிருக்கலாம்.

எல்லோர் வீட்டிலும் அது இல்லை. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று எஸ்டேட் லயன்களில் வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். 2024-இல் நிறுவனம் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து வெளியேறத் தொடங்கிய பிறகு, மலையிறங்கி வாடகை வீடு தேடிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அட்வான்ஸ், வாடகை, சாமான் ஏற்றிய லாரி என்று கணக்குப் போட்ட பிறகு, லேப்டாப் என்ற வரி எந்தப் பக்கத்திலும் வராது. எங்களுக்குக் கம்ப்யூட்டர் என்றால் வாரத்துக்கு மூன்று மணி நேர லேப், அவ்வளவுதான். போனில் டெர்மக்ஸ் போட்டு ஜிடிபியை ஓட்டலாம், நானும் ஓட்டினேன். உள்ளங்கை அகலத் திரை, அதில் பாதியைக் கீபோர்டு பிடித்துக்கொள்ளும். நாற்பதாவது வரிக்கு வருவதற்குள் கண்ணில் நீர் கட்டிவிடும்.

டிபக்கர் இல்லாத லேப்பில் பிள்ளைகள் எப்படி வழு தேடுகிறார்கள் தெரியுமா? நிரலுக்கு நடுவில் 'இங்கே வந்தேன் 1', 'இங்கே வந்தேன் 2' என்று வரிக்கு வரி அச்சடிக்கிறார்கள். மூன்று மணி நேரத்தில் ஒன்றரை மணி நேரம் இதற்கே போகிறது. அப்புறம் அந்த வரிகளையெல்லாம் தேடி அழிப்பதற்கு அரை மணி நேரம். நகரத்தில் இன்டர்ன்ஷிப்புக்குப் போனால் முதல் நாளே "பிரேக்பாயின்ட் போட்டுப் பாரு" என்பார்கள். அப்போது முழிப்பது லேப்பைப் பூட்டியவர் இல்லை.

அதிகாரத்தை அளந்து கொடுக்கத் தெரியாதவர்கள் கருவியைப் பறிக்கிறார்கள். அளந்து கொடுப்பது ஒரு மத்தியான வேலை. பறிப்பதன் செலவு மூன்று வருடப் படிப்பு, அதுவும் வேறு வழியே இல்லாதவனின் படிப்பு. லாப நஷ்டக் கணக்கு பார்க்கத் தெரிந்த எவரும் இதில் எது மலிவு என்று சொல்லிவிடுவார்.

மறுப்பு இருப்பவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள், விவாதிப்போம். ஒரே ஒரு நிபந்தனை. பேச ஆரம்பிக்கும் முன்னால் உங்கள் லேப்பில் டிபக்கர் யார் பெயரில் ஓடுகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். பார்க்கும் வழி எளிது. உள்ளே போய் ஒரு ஆச்சரியக்குறி போட வேண்டும் :-)